சிவப்பு அணைந்தால்

தாராபுரம்
12.6.2008

மாமா,

கூரியர் பெட்டியைப் பிரித்ததும் ஏதோ ரேடியோ சாமான் என்று ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் இதை முழுக்கப் படியுங்கள். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் பேச ஆரம்பித்தாலே சண்டை, சண்டை முடிவதற்குள் எனக்கு அழுகை. அக்கா வீட்டுச் சுவர் மெல்லியது, மச்சான் காதில் எல்லாம் விழுகிறது. அதனால் போனை அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். இனி எதுவானாலும் கடிதம்தான்.

நான் ஏன் கிளம்பி வந்தேன் என்று பக்கத்து வீட்டு மருதாளிடம் கேட்டீர்களாமே. உங்களுக்குத் தெரியாதா? உங்கள் சாயப்பட்டறையில் சோணைமுத்து அண்ணன் கை போன அதே ஹைட்ரோ மெஷினில், தரையைக் கழுவின ஈரம் காய்வதற்குள் நீங்கள் போய் நின்றீர்கள். கட்டின பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை விடுங்கள் என்றேன், விடமாட்டேன் என்றீர்கள். சரி, நீங்கள் விட வேண்டாம். நானும் என் பயத்தை விடப்போவதில்லை.

அந்த மெஷினை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஈரத்துணியை வாரிப் போட்டு மூடியதும் உள்ளே இரும்புக் கூடை சுழன்று தண்ணீரைப் பிழிகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கூடை நிற்கும்வரை மூடியைத் திறக்க விடாத பூட்டு ஒன்று அதிலேயே இருந்திருக்கிறது. வேலை தாமதமாகிறது என்று அதைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டீர்கள். பொறுமை இல்லாமல் மூடியைத் திறந்து, வேஸ்ட் துணியைக் கூடை விளிம்பில் அழுத்திப் பிரேக் போடுகிறீர்கள். சோணைமுத்து அண்ணன் கை அந்த வேஸ்ட் துணியோடுதானே போனது?

பூட்டைத் திரும்பப் போட உங்கள் முதலாளி விடமாட்டார். ஒரு விளக்கை மாட்டினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கூடை சுற்றும்வரை சிவப்பு எரியும், நின்றால் அணையும். அதற்குத்தான் இந்தப் பெட்டி.

நீல அட்டைதான் மூளை. கோயம்புத்தூரில் காலேஜ் பிள்ளைகள் ப்ராஜெக்டுக்கு வாங்குவது. புரோகிராமை நான் ஏற்றிவிட்டேன், உங்களுக்கு அதில் வேலை இல்லை. மூன்று கால் வைத்த கறுப்புப் பொட்டுதான் சென்சார். காந்தம் கிட்டே வந்தால் அதற்குத் தெரியும். எழுத்து இருக்கும் முகம் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். இடது காலில் சிவப்பு வயர், அது அட்டையில் 5V என்ற ஓட்டைக்கு. நடுக்காலில் கறுப்பு வயர், அது GND. வலது காலில் மஞ்சள், அது 2. கூடவே ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். அதைச் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் குறுக்கே முறுக்கிவிடுங்கள். விளக்கை, இங்கே நான் வேலைக்குப் போகிற டிவி ரிப்பேர் கடையில் வைத்து நானே சால்டர் செய்து சேர்த்திருக்கிறேன்.

முதலில் வீட்டிலேயே வைத்துச் செய்து பாருங்கள். மெஷினுக்கு அப்புறம் போகலாம். சாப்பிடுகிறீர்களா என்று கேட்கமாட்டேன். கோபமாக இருக்கிறேன்.

வேல்விழி


பெருமாநல்லூர்
18.6.2008

அன்புள்ள விழிக்கு,

சாப்பிடுகிறேன். நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.

உன் பெட்டி வந்த நாளிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. நீ எழுதினபடி எல்லா வயரையும் மாட்டினேன். விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. காந்தமே இல்லாமல்! நான் கையை நீட்டினால் எரிகிறது, மின்விசிறி போட்டால் படபடக்கிறது. இசக்கிமுத்து வந்து பார்த்துவிட்டு, "ஏலே, மதினி உன்னைய வேவு பாக்க எதையோ அனுப்பிருக்கால. இது மெஷின் இல்ல, பேயி" என்றான். அவன் இருந்தவரைக்கும் அது பேய் மாதிரியேதான் ஆடியது. ஒரே ஒரு சின்னச் சாமான் மிச்சம் இருந்தது. உடம்பில் கோடு கோடாக வண்ணம் போட்டது. உபரியாக அனுப்பியிருக்கிறாய் போல என்று பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். சோணைமுத்து அண்ணன் கை போன பிறகு அந்த இடத்தில் நான் நிற்காவிட்டால் இசக்கிமுத்துவை நிறுத்தியிருப்பார்கள். அவன் அவசரம் உனக்கே தெரியும். டீ ஆறும்வரை காத்திருக்க மாட்டான், நாக்கைச் சுட்டுக்கொள்வான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். அதனால் நானே கையைத் தூக்கினேன். நான் நிதானமானவன் என்று நீயே சொல்வாயே. உன்னிடம் சொன்னால் தடுப்பாய் என்றுதான் சொல்லவில்லை. இப்போது அவன் எனக்கு உதவி ஆள். மெஷின் பக்கம் வந்தாலும் என் கண்ணில் படும்படி இருக்கிறான்.

நம் சூப்பர்வைசர் செங்கோட்டையன் என்னைப் பார்க்கிறபோதெல்லாம், "ஏனுங் காசிமாயா, ஆடி இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள சம்சாரம் ஊருக்குப் போயிருச்சாட்ட?" என்கிறார். அக்கா வீட்டில் விசேஷம் என்று சொல்லிவைத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டால் என்ன சொல்வது? அதையும் எழுது.

காசிமாயன்


தாராபுரம்
22.6.2008

மாமா,

தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா பயந்துபோய் ஓடி வந்தாள்.

அந்த "உபரி" சாமான்தான் ரெசிஸ்டர்! அது இல்லாவிட்டால் மஞ்சள் வயர் அந்தரத்தில் நிற்கும். காந்தம் வந்தால் சென்சார் அதைக் கீழே இழுக்கும். காந்தம் போனால் மேலே பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் ரெசிஸ்டர். ஆள் இல்லாததால் காற்றில் வருகிற கரண்டுக்கெல்லாம் ஆடியிருக்கிறது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. இசக்கிமுத்து அண்ணனிடம் சொல்லுங்கள், வேவு பார்ப்பதானால் நான் மருதாளிடமே கேட்டுக்கொள்வேன்.

நிதானம் என்று எழுதியிருக்கிறீர்கள். சோணைமுத்து அண்ணனும் நிதானமானவர்தான். ஒரு நாள் அவசரப்பட்டார், அவ்வளவுதான். இசக்கிமுத்து அண்ணனுக்காக நின்றீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கே சொல்லியிருந்தால் என் கோபம் பாதியாவது குறைந்திருக்கும். எதையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறது.

காந்தம் இந்தக் கடிதத்தோடு வருகிறது. தாராபுரத்தில் சின்னதாக, நல்ல பலத்தோடு ஒன்றும் கிடைக்கவில்லை. காதர்பேட்டையில் நீங்கள் வாங்கித் தந்த கைப்பை இருக்கிறதல்லவா, அதன் வாயை மூடுகிற காந்தத்தைப் பிரித்து எடுத்துவிட்டேன். இப்போது பை வாயைப் பிளந்துகொண்டு திரிகிறது. பஸ்ஸில் எல்லோரும் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள்.

சென்சாருக்குக் காந்தத்தின் இரண்டு பக்கமும் ஒன்றில்லை. எழுத்துள்ள முகத்துக்கு நேராகத் தெற்கு முனை வந்தால்தான் அசையும். நான் இங்கேயே சோதித்து, தெற்குப் பக்கத்தில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். மெஷினுக்கு அடியில் பெல்ட் ஓடுகிற இரும்புச் சக்கரம் இருக்கும். மெயினை இறக்கிவிட்டு, அதன் பக்கவாட்டில் காந்தத்தை எம்-சீல் வைத்து ஒட்டுங்கள். அதற்கு எதிரே, ஒரு விரல் நுழையாத இடைவெளியில், சென்சாரைத் தண்ணீர் படாமல் கட்டுங்கள்.

விசேஷம் என்னவென்று கேட்டால், பெண்டாட்டிக்குக் கோபம் வந்த விசேஷம் என்று சொல்லுங்கள்.

வேல்விழி


பெருமாநல்லூர்
2.7.2008

அன்புள்ள விழிக்கு,

பேய் ஓடிவிட்டது. ரெசிஸ்டரை முறுக்கியதும் விளக்கு பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டது. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. உன் நம்பருக்கு அடித்தேன். அணைத்து வைத்திருப்பதாக ஒரு பெண் சொன்னாள். அவளிடமா சொல்ல முடியும்?

வார விடுமுறையில் மெயினை இறக்கிவிட்டுக் காந்தத்தை ஒட்டினேன். எம்-சீல் கல்லாக இறுகிவிட்டது, சுத்தியால் அடித்தாலும் வராது. மறுநாள் ஓட்டிப் பார்த்தால் கூடை பறக்கிறது, விளக்கு செத்துக் கிடக்கிறது. வயர் எல்லாம் சரி. கடைசியில் இசக்கிமுத்துதான் கேட்டான், "செவப்புப் பொட்டு எங்கடே?" என்று.

பொட்டு உள்ளே இருக்கிறது விழி. நீ கண்ணாடியில் ஒட்டி வைப்பாயே ஸ்டிக்கர் பொட்டு, அதில் பசை உள்ள பக்கம்தானே ஒட்டுகிற பக்கம்? நீ பூச்சு வைத்த பக்கம்தான் ஒட்ட வேண்டிய பக்கம் என்று நினைத்துவிட்டேன். சிரிக்காதே. சிரித்தாலும் எழுது.

செங்கோட்டையன் வந்து குனிந்து பார்த்தார். "இதென்னுங் கண்ணு, மெஷினுக்குச் செய்வினை வெச்ச மாதிரி இருக்குது" என்றார். விளக்கு என்றேன். விளக்குதானே, இருக்கட்டும் என்று போய்விட்டார். உன் கணக்கு சரிதான்.

சக்கரத்தைக் கழற்றி உடைத்துத்தான் எடுக்க வேண்டுமா?

காசிமாயன்


தாராபுரம்
5.7.2008

மாமா,

சிரித்தேன். கடையில் வைத்துப் பிரித்ததால் ஓனர் அம்மா தெய்வாத்தாள், "ஏன் சாமி, ஊட்டுக்காரரு சமாதானத்துக்கு வந்துட்டாருங்களா?" என்று கேட்டார்கள். இல்லீங்க, பொட்டை உள்ளே வைத்து ஒட்டிவிட்டார் என்றேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் எனக்குச் சேர்த்து அவர்களும் சிரித்தார்கள்.

எதையும் உடைக்க வேண்டாம். சென்சாரைத் திருப்பிக் கட்டுங்கள். எழுத்துள்ள முகம் தெற்கைப் பார்த்தால் அசையும், அதே மாதிரி அதன் முதுகு வடக்கைப் பார்த்தாலும் அசையும். உங்கள் காந்தம் வடக்கைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சென்சார் முதுகைக் காட்டட்டும். ஆனால் வயர் மாறக் கூடாது. எந்தக் காலில் எந்த நிறமோ அது அப்படியே இருக்க வேண்டும்.

காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை கடந்து போகும். ஐந்து விநாடிக்குள் மறுபடி வராவிட்டால், கூடை நின்றுவிட்டது என்று புரோகிராம் எடுத்துக்கொண்டு விளக்கை அணைக்கும். அவ்வளவுதான் அதன் புத்தி.

எனக்கு ஏனோ இருப்புக் கொள்ளவில்லை. ராணி அக்கா, "நீ உக்காந்த எடத்துல உக்காரமாட்டியாடி" என்று திட்டுகிறாள். சீக்கிரம் எழுதுங்கள்.

வேல்விழி


பெருமாநல்லூர்
14.7.2008

அன்புள்ள விழிக்கு,

எரிகிறது! சுவிட்ச் போட்டதும் சிவப்பு. அணைத்த பிறகும் கூடை தளர்ந்து தளர்ந்து நிற்கும்வரை சிவப்பு. நின்றதும் அணைகிறது. ஆவி மூட்டத்தில் எதிரே நிற்கிற ஆள் முகம் தெரியாது, ஆனால் இந்த விளக்கு தெரிகிறது. வேஸ்ட் துணியை வைத்துப் பிரேக் போடுகிற வேலையை நிறுத்திவிட்டோம். பக்கத்து மெஷின்காரர் வீரன் வந்து, "நம்ம மெஷினுக்கும் ஒண்ணு கெடைக்குமாங்க?" என்று கேட்டார். என் சம்சாரம் செய்தது என்று சொன்னேன். மூன்று தடவை சொன்னேன்.

இசக்கிமுத்து இப்போது கூடையைப் பார்ப்பதே இல்லை. சிவப்பு அணைந்தால் மூடியைத் தூக்குகிறான், எரிந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் கையைக் கட்டி நின்று நான் இப்போதுதான் பார்க்கிறேன். செங்கோட்டையனும், "செவப்பு அமந்தா எறக்குங் கண்ணு" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். வா விழி. உன் போன் இன்னும் அணைந்தே இருக்கிறது. ஆனால் போன கடிதத்தில் நீ திட்டவே இல்லை, அதனால் கோபம் நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். சரிதானே?

காசிமாயன்


தாராபுரம்
19.7.2008

மாமா,

ஆடி பிறந்துவிட்டது. இப்போது கிளம்பினால், ஆடியில் புருஷன் வீட்டுக்குப் போகிறவள் என்று அக்காவின் மாமியார் வாயில் விழ வேண்டும். ஆவணியில் வருகிறேன். இது சாக்கு என்று உங்களுக்கும் தெரியும்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். சந்தோஷப்பட வேண்டும், பட முடியவில்லை. "கூடையைப் பார்ப்பதே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் வந்து மனது நின்றுவிடுகிறது. ஏதோ ஒன்றை விட்டுவிட்டேன். என்னவென்று பிடிபடவில்லை. கடையில் கையில் சால்டரை வைத்துக்கொண்டு அதையே யோசித்து, நேற்று ஒரு டிவி போர்டைக் கருக்கிவிட்டேன்.

விளக்கு இருந்தாலும் கூடையைப் பாருங்கள். இசக்கிமுத்து அண்ணனிடமும் சொல்லுங்கள். என் திருப்திக்காகவாவது.

வேல்விழி


பெருமாநல்லூர்
28.7.2008

அன்புள்ள விழிக்கு,

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. எனக்குக் கை இருக்கிறது. இரண்டும் இருக்கிறது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள், அதனால் நான் சொல்லச் சொல்ல இசக்கிமுத்து எழுதுகிறான்.

வியாழக்கிழமை மதியம் கரண்ட் போனது. இப்போதுதான் தினமும் போகிறதே. ஜெனரேட்டர் எடுப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். முழு வேகத்தில் கூடை சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் போனதும் மோட்டார் சத்தம் அடங்கியது, சிவப்பும் அணைந்தது. கூடை நிற்கவில்லை. இசக்கிமுத்து மூடியைத் தூக்கிவிட்டான்.

நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் காந்தத்தை ஒட்டின நாளிலிருந்து அடிக்கடி அங்கே பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தால் அவன் உள்ளே கையை விடப் போகிறான். சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இழுத்ததில் அவன் பிடித்திருந்த மூடி நழுவி, மெஷின் விளிம்பில் ஊன்றியிருந்த என் கை மேல் விழுந்தது. அவ்வளவுதான்.

முதலாளி விளக்கைப் பிடுங்கி எறியச் சொல்லிவிட்டார். செங்கோட்டையன் எறியவில்லை. அவருடைய மேசையில் இருக்கிறது. உன் மேல் தப்பு இல்லை விழி. கரண்ட் போகும் என்று உன்னைவிட எனக்குத்தான் தெரியும். நானும் அதை நினைத்துப் பார்க்கவில்லையே.

மதினி, நான் இசக்கிமுத்து எழுதுகிறேன். இதை எழுதச் சொல்லி அவன் சொல்லவில்லை, டீ வாங்கப் போயிருக்கிறான். சிவப்பு அணைந்ததும் நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன், கூடையைப் பார்க்கவே தோன்றவில்லை. இந்தக் கடிதத்தை நான் எழுதுகிற கை அவன் கொடுத்தது. பகலெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டு இருக்கிறான், கேட்டால் காற்றுக்கு என்கிறான். நீங்கள் வந்துவிடுங்கள். ஆடியெல்லாம் பார்க்காதீர்கள்.

காசிமாயன்
(இசக்கிமுத்து)


பஸ்ஸில்
31.7.2008

மாமா,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பஸ் அப்படிக் குலுக்குகிறது. இதைத் தபாலில் போடப்போவதில்லை. நேரில் வந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது, சண்டைதான் வரும். அதனால் எழுதிக்கொண்டு வருகிறேன். வந்ததும் கையில் தருவேன். படித்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது உறையின் மேல் வேறு கையெழுத்து. பிரிக்கவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்காதான் பிரித்து முதல் வரியைச் சத்தமாகப் படித்தாள். "கை இருக்கிறது" என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். உங்களையும் மறக்க விடமாட்டேன்.

என்ன விட்டுப்போனது என்று தேடினேனே, இதுதான். நான் ஆபத்துக்கு விளக்கு வைத்தேன். இருட்டை நல்லது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கரண்ட் போனாலும் இருட்டு, வயர் அறுந்தாலும் இருட்டு, அட்டை செத்தாலும் இருட்டு. எல்லா இருட்டையும் "நின்றுவிட்டது" என்று நீங்கள் படித்தீர்கள். கடையில் மேசைக்கு மேலேயே இன்வெர்ட்டர் ஓடுகிறது, அதன் கீழே உட்கார்ந்து புரோகிராம் எழுதினவளுக்கு இது தோன்றவில்லை. என் மேல் தப்பு இல்லை என்று எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். பாதித் தப்பையாவது எனக்கு விட்டுவையுங்கள்.

புரோகிராமைப் புதிதாக எழுதிவிட்டேன். இனி பச்சை எரிந்தால்தான் கை உள்ளே போகலாம். சுற்றுவதைச் சென்சார் முதலில் பார்க்க வேண்டும், சிவப்பு எரிய வேண்டும், அப்புறம் நின்றால்தான் பச்சை வரும். சிவப்பே வராவிட்டால் பச்சையும் வராது. எமர்ஜென்சி லைட்டின் பேட்டரி ஒன்றையும் சேர்த்திருக்கிறேன், கரண்ட் போனாலும் ஓடும். பேட்டரியும் தீர்ந்தால் இருட்டு. இருட்டாக இருந்தால் யாரும் மெஷின் பக்கம் போகக் கூடாது. இதில் இன்னும் எங்கே ஓட்டை இருக்கிறதோ தெரியவில்லை. கடிதத்தில் சொல்லிக் கொடுத்தது போதும். நானே உள்ளே வந்து, குனிந்து பார்த்து மாட்டப்போகிறேன். செங்கோட்டையன் அண்ணனிடம் நான் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கம்பியை அவிழ்த்துப் பழைய பூட்டைப் போடவும் கேட்கப்போகிறேன். இல்லை என்று அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

குண்டடம் தாண்டிவிட்டது. பக்கத்தில் இருக்கும் அம்மா என் பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு வருகிறார்கள். உள்ளே நீல அட்டையும் வயரும் பேட்டரியும். என்ன நினைக்கிறார்களோ.

இன்னொன்று. போன் அணைந்திருந்தது, கடிதத்தில் திட்டவில்லை, அதனால் கோபம் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? அதுவும் இதே தப்புதான் மாமா. நான் விளக்கை மட்டும்தான் அணைத்தேன். உள்ளே ஒரு நாளும் நிற்கவில்லை. கோபமும் நிற்கவில்லை, உங்களைத் தேடுவதும் நிற்கவில்லை.

கொடுவாய் வந்துவிட்டது. போனை ஆன் செய்துவிட்டேன்.

வாசலிலேயே நிற்பீர்கள், தெரியும். என்னைப் பார்த்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று கிட்டே வந்துவிடாதீர்கள். இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நிற்கும்போது நானே சொல்கிறேன்.

விழி